அறுபத்திரண்டு தடியங்காயும் பத்தொன்பது கத்தரிக்காயும்

நான் கணக்கு டீச்சர். இருபத்தெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் போன வருஷம் மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை நான் போட வேண்டிய ஒரு சின்னக் கூட்டலைப் போடவே இல்லை. அதனால் எங்கள் கோயிலில் நடந்த கூத்தை நானே எழுதிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொல்ல ஆரம்பித்தால் கண் காது மூக்கு வைத்துச் சொல்வார்கள்.

எங்கள் ஊர் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணியிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒன்றின் கரையில் இருக்கிறது. கோயில் என்று நாங்கள் சொல்வது தேவாலயத்தை. குருவானவரை ஐயர் என்று சொல்வோம். கார் நெல் அறுவடை ஆகிற சமயம், செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்து வேப்பமரங்களுக்கு அடியில் அசனம், அதாவது ஊர் விருந்து. சைவச் சாப்பாடுதான். கிறிஸ்தவர்கள், இந்துக்கள், நாற்று நட்டவர்கள், வரப்பு வெட்டியவர்கள், திருநெல்வேலியிலிருந்து காரில் வந்து இறங்கும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எழுநூறு, எண்ணூறு இலை விழும்.

இந்த அசனத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பருப்பு, எண்ணெய், உப்பு, சர்க்கரை மட்டும் கடையில் வாங்கலாம். அரிசியும் காய்கறியும் எங்கள் ஊர் மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும். யார் எப்போது போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. அதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காய். வெண்டைக்காய் வீடு, முருங்கைக்காய் வீடு, அவரைக்காய் வீடு என்றுதான் அந்தந்த வீட்டையே சொல்வோம். புதிதாக வந்த தபால்காரர்கூட ஒரே மாதத்தில் அப்படிச் சொல்லப் பழகிவிட்டார். பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை நாலு மணிக்கு அவரவர் காயை ஓலைப்பெட்டியில் வைத்து, மேலே வெள்ளைத் துணி மூடி, கோயில் ஹாலில் கொண்டுவந்து வைப்பார்கள். ஐயர் ஜெபம் பண்ணி முடிக்கும்வரை துணியைத் திறக்கக் கூடாது. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் திறக்கக் கூடாது.

கத்தரிக்காய் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அந்த வீட்டு அண்ணாச்சிக்கு எழுபதை ஒட்டி வயது. அவருடைய காய் உருண்டையாக, வெள்ளையும் ஊதாவுமாகக் கோடு விழுந்து, வெந்தாலும் குழையாமல் இருக்கும். அசனத்துச் சாம்பாருக்கு எங்கள் ஊரில் கத்தரிக்காய்ச் சாம்பார் என்றே பெயர். அவர் பேச்சில் சிக்கனம். வாரத்துக்கு ஒரு நாள் எங்கள் வாசலில் ஒரு பை கத்தரிக்காய் தொங்கும். கதவைத் தட்ட மாட்டார், தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவார்.

போன வருஷத்துக்கு முந்தின இரண்டு வருஷமும் அந்தப் பை வருவது குறைந்துபோனது. முதல் வருஷம் ஆற்று வெள்ளம் வாய்க்காலை உடைத்து அவர் வயலில் முழங்கால் உயரத்துக்கு மணலைக் கொட்டிவிட்டுப் போனது. அடுத்த வருஷம் வெயில். சித்திரையில் அடிக்க வேண்டிய வெயில் ஆவணியிலும் அடித்தது. செடி நன்றாகத்தான் நின்றது, பூவும் பூத்தது. ஆனால் பிஞ்சு பிடிக்காமல் எல்லாம் உதிர்ந்துபோனது. அவருக்கு மட்டும் இல்லை, வெண்டைக்கு மஞ்சள் நோய், முருங்கைப் பூவைக் காலந்தப்பிய மழை உதிர்த்துவிட்டது. இரண்டு வருஷமும் பண்டிகைக்கு முந்தின நாள் சபைச் செயலாளர் தன் காரில் சத்தமில்லாமல் பாளை மார்க்கெட்டுக்குப் போய் மூட்டை மூட்டையாகக் காய் வாங்கி வந்தார். சத்தமில்லாமல் போனது என்றுதான் பெயர். ராத்திரிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கத்தரிக்காய் அண்ணாச்சி இரண்டு வருஷமும் வரிசையில் வந்து உட்கார்ந்தார். சாம்பார் வாளி வந்தபோது இலைமேல் கையைக் குறுக்கே நீட்டி வேண்டாம் என்றார். ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். இரண்டு வருஷமும் சாம்பார் வாளி தூக்கினது நான்தான்.

போன வருஷம் ஏப்ரலில் கமிட்டி கூடியது. எங்கள் செயலாளர் திசையன்விளையில் கடை நடத்தி, அதை மகன் கையில் கொடுத்துவிட்டு ஊரோடு வந்து இருப்பவர். நல்ல மனுஷன். ஆனால் எந்தக் காரியமும் ஒரே போனில் முடிந்துவிட வேண்டும் அவருக்கு.

"பாளையங்கோட்டையில ஒரு கேட்டரிங்காரன் இருக்கான். இலையில இருந்து பாயசம் வரைக்கும் எல்லாம் அவன் பாத்துக்கிடுவான். நமக்கு ஜெபம் பண்ணுததும் சாப்பிடுததும்தான் வேலை. ரெண்டு வருஷமா காய்க்கு அலைஞ்சது போதும்" என்றார்.

பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தால் முதலில் கால் எழுந்து நிற்கும், அப்புறம்தான் வாய் என்ன பேசப் போகிறது என்று எனக்கே தெரியவரும். "இந்த வருஷம் காய்க்கு நான் பொறுப்பு. கடையில ஒரு காய்கூட வாங்க மாட்டேன். கொறஞ்சுதுன்னா நானே அந்தக் கேட்டரிங்காரருக்குப் போன் போடுதேன்" என்று சொல்லிவிட்டேன். அப்படியே தீர்மானம் எழுதிவிட்டார்கள். இந்த ஒரு வருஷம் டீச்சர் பொறுப்பு. பற்றாமல் போனால் அடுத்த வருஷத்திலிருந்து கேட்டரிங்.

வெளியே வந்தபோது கத்தரிக்காய் அண்ணாச்சி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "டீச்சர், கேட்டரிங் வந்துட்டுன்னா, சனிக்கிழம சாயங்காலம் நான் கோயிலுக்கு என்னத்தக் கொண்டு வாரது?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் இந்த அசனம் எனக்கு வெறும் வீம்பாக இல்லாமல் போனது.

இந்த இடத்தில் என் இன்னொரு பதவியையும் சொல்ல வேண்டும். ஊரில் எனக்கு மழை டீச்சர் என்றும் பெயர். போனில் வானிலை பார்க்கக் கற்றுக்கொண்டு, தினமும் காலை ஆறு மணிக்குச் சபை வாட்ஸப் குழுவில் குரல் செய்தி போடுவேன். "எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்று மதியத்துக்கு மேல் மழை வர வாய்ப்பு உண்டு. நெல் காயப்போட்டவர்கள் கவனிக்கவும்." பத்து நாளில் ஆறு நாள் நான் சொன்னபடி நடக்கும். மீதி நாலு நாளை என் வீட்டுக்காரர் ஞாபகம் வைத்துக்கொள்வார். மின்வாரியத்தில் கிளார்க் அவர். வெயில் மண்டையைப் பிளக்கும்போது வாசலில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஏளா, ஒன் மழை எங்கன வந்துக்கிட்டு இருக்கு? வள்ளியூர் தாண்டிட்டா?" என்பார்.

மழை பார்க்கப் போய் உலகச் செய்தியும் பார்க்க ஆரம்பித்தேன். அங்கே வறட்சி, இங்கே வெள்ளம், ஒரு ஊரில் கோதுமை கருகியது, இன்னொரு ஊரில் வெங்காயம் அழுகியது. நம் துவரம்பருப்பில் ஒரு பங்கு பர்மாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வருகிறது என்று எங்கள் மளிகைக்கடைக்காரர் சொன்ன அன்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கே துவரை விதைத்த யாரோ ஒரு சம்சாரி வானத்தைப் பார்த்துக்கொண்டு கவலையோடு நிற்கிறார். அவருக்கு மழை தப்பினால் எங்கள் ஊர்ச் சாம்பார் தண்ணீராகிவிடுகிறது. இதைப் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் சொன்னேன். ஆளாளுக்கு ஐயோ என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்கள்.

மே மாதம் ஒரு மத்தியானம், ஊரே கதவைச் சாத்திப் படுத்திருந்த நேரத்தில், கத்தரிக்காய் அண்ணாச்சி வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வந்தார். இந்தத் தடவை கதவைத் தட்டினார்.

"ஒரு விஷயம் டீச்சர். யாருக்கும் தெரியக் கூடாது."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"இந்த வருஷமும் கத்தரிய நம்புததுக்கு இல்ல. நாத்து விட்டிருக்கேன். ஆனா இந்த வெயில்ல பூ நிக்காது. வேற ஏதாவது போடட்டுமா? வானம் எப்படி இருக்கும்னு நீங்க போன்ல பாப்பியள்லா."

எவ்வளவு பெரிய மனுஷன் என்னிடம் யோசனை கேட்டு வந்திருக்கிறார் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. போனைத் தேய்த்துப் பார்த்தேன். வேளாண்மை பற்றி எங்கெங்கோ படித்ததையெல்லாம் கூட்டிக் கழித்து, "தடியங்காய் போடுங்க" என்றேன். சென்னைப் பக்கம் வெள்ளைப் பூசணி என்கிறார்களே, அதுதான். கொடி படர்ந்து தன் மண்ணைத் தானே மூடிக்கொள்ளும். வெயிலைத் தாங்கும். பறித்து மூலையில் போட்டால் மாதக்கணக்கில் கெடாது.

"தடியங்காயா? எங்க வீட்டுல இருந்தா?" என்று அவர் முகம் சுருங்கியது.

"கத்தரி வந்தா கத்தரி. வராட்டா இது. வாய்க்கா ஓரத்துல மறைவா ஒரு பத்துக் குழி போடுங்க. யாரு பாக்கப் போறா?"

"நீங்க யார்ட்டயும் சொல்லிராதீய" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் பைய எழுந்து போனார்.

அடுத்த வாரம் வெண்டைக்காய் வீட்டு மருமகள் வந்தாள். அதே கேள்வி, அதே ரகசியம். "கத்தரிக்கா அண்ணாச்சிக்கு மட்டும் தெரியக் கூடாது டீச்சர், கேலி பண்ணுவாவ" என்றாள். அவளிடமும் தடியங்காய் என்றேன். அப்புறம் முருங்கைக்காய் வீட்டுக்காரர். அப்புறம் அவரைக்காய் வீட்டு அக்கா. நாலு பேருக்கும் ஒரே மருந்து எழுதிக்கொடுத்தேன். நாலு பேரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். என் வீட்டுக்காரர், "என்னளா, நம்ம வீடு டாக்டர் வீடு மாதிரி ஆயிட்டு. ஒவ்வொருத்தரா வந்து குசுகுசுன்னு பேசிட்டுப் போறாவ" என்று கேட்டார். அவரிடம்கூடச் சொல்லவில்லை. என் நாக்கின் கட்டுப்பாட்டை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த வருஷத்து வானம் யார் சொல்லையும் கேட்கவில்லை. ஜூனில் அணைத் தண்ணீர் தாமதமாக வந்தது. ஜூலையில் கேட்காத மழை ஒன்று இரண்டு நாள் நின்று கொட்டியது. ஆகஸ்டில் மே மாதத்து வெயில். நெல் எப்படியோ தப்பித்துக்கொண்டது. கத்தரி, வெண்டை, முருங்கை, அவரை எல்லாம் மூன்றாவது வருஷமாகக் கையை விரித்தன. தடியங்காய் மட்டும் ஒன்றையும் கண்டுகொள்ளாமல் படர்ந்தது. நான் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போகும்போது வாய்க்கால் ஓரம், வைக்கோல் படப்புக்குப் பின்னால், மாட்டுத் தொழுவத்துக் கூரைமேல் என்று அங்கங்கே பெரிய பெரிய இலைகள் தெரியும். பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு போவேன். அங்கங்கே தெரிகிறதே, எத்தனை அங்கங்கே என்று எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் சனிக்கிழமை வந்தது. அரிசி மூட்டைகளும் தேங்காயும் வாழையிலைக் கட்டும் காலையிலேயே வந்துவிட்டன. நாலு மணிக்கு நான் ஹால் வாசலில் நின்றேன். முதல் பெட்டி வெண்டைக்காய் வீட்டிலிருந்து வந்தது. வாங்கி வைக்கும்போது துணிக்கு மேலே கையை வைத்துப் பார்த்தேன். உருண்டையாகக் கெட்டியாக இருந்தது. நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன், அவள் தரையைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவது பெட்டியும் கெட்டி. மூன்றாவதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. நாலாவது பெட்டி வந்தபோது, சரி, நம் ஆட்கள் நாலு பேரும் வந்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் புடலங்காய் வீட்டுக்காரர் வந்தார். புடலங்காய்ப் பெட்டி என்றால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். இது நீட்டிக்கொண்டிருக்கவில்லை. எட்டாவது பெட்டி வந்தபோது நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

மொத்தம் பன்னிரண்டு பெட்டிகள். ஐயர் கண்ணை மூடி, "எங்கள் வயல்களிலிருந்து பலவிதமான பலன்களைத் தந்த ஆண்டவரே" என்று ஜெபத்தைத் தொடங்கினார். ஆமென் சொன்னதும் பன்னிரண்டு வீட்டாரும் குனிந்து துணியைத் தூக்கினார்கள்.

அறுபத்திரண்டு தடியங்காய். சாம்பல் பூத்து, கொழுகொழுவென்று, ஹால் முழுக்க. வேறு ஒரு காய் கிடையாது.

ஒவ்வொருவரும் தன் பெட்டியைப் பார்த்து, பக்கத்துப் பெட்டியைப் பார்த்து, அப்புறம் எல்லாரும் ஒன்றுபோல என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது நாலு பேரிடம். அந்த நாலு பேரும் ஆளுக்கு இரண்டு பேரிடம், டீச்சர் சொன்னாவ, வெளிய சொல்லிராத என்று சொல்லியிருக்கிறார்கள். நாலும் எட்டும் பன்னிரண்டு. மூன்றாம் வகுப்புக் கணக்கு.

அந்தச் சமயத்தில்தான் அரிசி புடைக்க வந்திருந்த அக்கா ஒருத்தி உள்ளே எட்டிப்பார்த்தாள். எங்கள் ஊர் வயல்களில் பாதிக்கு நாற்று நடுகிறவள் அவள்தான். இந்துக் குடும்பம். தடியங்காய் என்றால் திருஷ்டி சுற்றித் தெருவில் உடைக்கிற காய் அவளுக்கு. கண்ணை அகல விரித்து, "என்ன டீச்சர், கோயிலுக்கு அவ்வளவு திஷ்டியா பட்டுட்டு?" என்று கேட்டாள்.

முதலில் சிரித்தது ஐயர். அதற்கப்புறம் ஹாலைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. வெண்டைக்காய் வீட்டு மருமகள் சுவரில் சாய்ந்து அழுகிற மாதிரி சிரித்தாள். புடலங்காய் வீட்டுக்காரர், "எங்கிட்ட மட்டும்தான் சொல்லுதேன்னு சொன்னியேவே" என்று முருங்கைக்காய் வீட்டுக்காரரை அடிக்கப் போனார். நான் எழுந்து நின்று, "குத்தம் என்னுதுதான். எல்லாருக்கும் நான்தான் சொன்னேன்" என்று ஒத்துக்கொண்டேன். அது யார் காதிலும் விழவில்லை.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "டீச்சர், ஒரே காய வச்சு எண்ணூறு பேருக்கு இலை போட முடியுமா? சொன்ன பேச்சுப்படி நீங்க போன் போடணும். சரி, ஒங்களுக்காக நானே போடுதேன்" என்று போனை எடுத்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டார். ஹாலின் கடைசியில் கத்தரிக்காய் அண்ணாச்சி தன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து கேட்டரிங்காரர், செயலாளர் வாயைத் திறக்கும் முன்பே பேச ஆரம்பித்தார். "அண்ணாச்சி, நானே ஒங்களக் கூப்பிடணும்னு இருந்தேன். நாளைக்கு மூணு வீட்டுக்குச் சாப்பாடு ஏத்திருக்கேன். வடக்க மழைன்னு காய் லாரி ஒண்ணும் வரல. மார்க்கெட்டுல காய் கேட்டா சிரிக்கான். ஒங்க ஊர்ல விளைஞ்சது ஏதாவது கெடக்கா? தடியங்காய் ஆனாலும் பரவால்ல."

செயலாளர் போனையும் அறுபத்திரண்டு காய்களையும் மாறி மாறிப் பார்த்தார். "தடியங்காய் ஆனாலும் பரவால்லையாம்" என்று எங்களிடம் சொன்னார். அப்புறம் அவரும் சிரித்துவிட்டார்.

எங்கள் அசனத்துக்குத் தலைமைச் சமையல் பக்கத்து ஊர்த் தவசுப்பிள்ளை. பரம்பரைச் சமையல்காரர், கல்யாண வீடுகளில் பழகினவர். அவர் இந்த அமளிக்குள் வந்து, ஒரு காயைத் தூக்கி, சுண்டிப் பார்த்து, கீழே வைத்தார். "இதுக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்? சாம்பார் வைக்கேன். பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு. ஊர்ல மோர் இருக்குல்லா, மோர்க்குழம்பு. பச்சடி ஒண்ணு. தோலச் சீவித் துவையல். பாயசத்த விடுங்க, இதையே துருவிக் காசி அல்வா கிண்டிருவோம். சென்னையில இருந்து வந்தவன்கூட இலைய நக்குவான்." அல்வா என்றதும் திருநெல்வேலிக்காரர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கம் அருவாமனையைத் தேடிப் போனது.

கூட்டம் கலையும்போது கத்தரிக்காய் அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பெட்டியின் அடியில் கைவிட்டு வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். பிரித்தால் கத்தரிக்காய். வெள்ளையும் ஊதாவும் கோடு போட்ட அதே காய். கிணற்றடித் தென்னை நிழலில் ஆறு செடியைப் பிழைக்க வைத்து, வேட்டி அலசின தண்ணீரை ஊற்றி ஊற்றி வளர்த்திருக்கிறார்.

"பத்தொம்பதுதான் இருக்கு. எடுத்துக் காட்ட வெக்கமா இருந்துட்டு. இதையும் எதுலயாவது சேத்துக்கிடுங்க டீச்சர். யார்ட்டயும் சொல்ல வேண்டாம்."

மறுபடியும் ரகசியம். நாலு மாதமாக அடக்கிவைத்த நாக்கு அந்த இடத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டது. "ரகசியம் காத்தது போதும் அண்ணாச்சி" என்று சொல்லி, இலையோடு தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹால் நடுவில் போய் நின்றேன். "எல்லாரும் பாருங்க. இந்த வெயில்ல விளைஞ்ச கத்தரிக்காய்!" என்று கத்தினேன். போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எட்டு அவரைக்கொடி வைத்தும் ஒன்றுகூட நிற்கவில்லை என்று அவரைக்காய் வீட்டு அக்கா முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் என்றார் முருங்கைக்காய் வீட்டுக்காரர். மூன்று வருஷமாக ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு, ஒருவருக்கொருவர் இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

தவசுப்பிள்ளை பொட்டலத்தை வாங்கி எண்ணினார். "எண்ணூறு பேருக்குப் பத்தொம்பதா? சரி. ஒண்ண நாலாக் கீறிச் சாம்பார்ல போடுதேன்" என்றார். எழுபத்தாறு துண்டு என்று என் வாய் தானாகச் சொன்னது. இந்தக் கணக்கெல்லாம் எனக்கு உடனே வந்துவிடும்.

ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிக்க எழுந்த செயலாளர், அடுத்த வருஷமும் அசனம் நம் ஊர்க் காயில்தான் என்றார். "அடுத்த மே மாதம் எல்லாரும் இந்த ஹாலில் கூடி, யார் யார் என்ன பயிர் வைக்கிறோம் என்று வெளிப்படையாகப் பேசுவோம். காய்க்குக் காய் வேறாக இருக்க வேண்டும். டீச்சர் வீட்டுக்குத் தனியாக யாரும் போகக் கூடாது" என்று சொல்லி உட்கார்ந்தார். கோயிலுக்குள் கைதட்டுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அன்றைக்குத் தட்டினார்கள்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் சொன்ன யோசனை தப்பில்லை, எல்லாருக்கும் அதையே சொன்னதுதான் தப்பு. தடியங்காய்க்குப் பிடிக்காத ஒரு மழை ஆகஸ்டில் பெய்திருந்தால், அந்த ஹாலில் பன்னிரண்டு வெள்ளைத் துணி மட்டும்தான் இருந்திருக்கும். உலகத்தில் பெரும்பாலோர் அரிசி, கோதுமை, மக்காச்சோளம் என்று நாலைந்து தானியத்தை நம்பியே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நானும் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். எங்கள் வாய்க்கால் ஓரத்துத் தடியங்காய்க் கொடியைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது, பயமாகவும் இருந்தது. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டே காசி அல்வாவையும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டும் ஒரே வயிற்றுக்குள் இருக்கத்தான் செய்தன.

அசனம் நடந்தது. மோர்க்குழம்பு தீர்ந்துபோய் அண்டாவின் அடியைச் சுரண்டினார்கள். செயலாளர் துவையலை மூன்று தடவை கேட்டார். என் வீட்டுக்காரர், "ஏளா, நாளைக்கு வானிலை அறிக்கையில தடியங்காய் பெய்யும்னு சொல்லிராத" என்று பந்தியில் எல்லாரும் கேட்கும்படி சொல்லி மானத்தை வாங்கினார்.

நான் வழக்கம்போலச் சாம்பார் வாளியோடு வரிசையில் போனேன். நாலாவது பந்தியில் கத்தரிக்காய் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். கிட்டே போகும்போது என் கண் அவர் கைமேலேயே இருந்தது. இரண்டு வருஷமாக அந்த இலைமேல் குறுக்கே நீண்ட கையைப் பார்த்திருக்கிறேனே. இந்தத் தடவை அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் வாளிக்குள் கரண்டியை விட்டுத் துழாவினேன். அவருக்கு ஒரு துண்டாவது கிடைக்க வேண்டும் என்று தேடினேன். மேலே வந்ததெல்லாம் தடியங்காய்தான்.

"தேடாதீய டீச்சர். யாருக்குக் கெடைக்கணுமோ அவியளுக்குக் கெடைக்கட்டும். ஊத்துங்க" என்றார்.

ஊற்றினேன். அப்போது நாலு இலை தள்ளி ஒரு சத்தம் கேட்டது. நேற்றுத் திஷ்டி பட்டதா என்று கேட்ட அக்காதான். விரலில் ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கத்தரிக்கா வந்துட்டு!" என்று எல்லாருக்கும் காட்டினாள். கோடு போட்ட தோல் அப்படியே இருந்தது, குழையவே இல்லை.

அண்ணாச்சி அவளை எட்டிப் பார்த்தார். அவள் அதை வாயில் போட்டு மென்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தன் இலையில் சோற்றைக் குழித்து என் பக்கம் நிமிர்ந்தார்.

"இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க டீச்சர்" என்றார்.